வெயில் லீவு

குளிர்காலத்தில் லோர்னா விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு பேருந்துத் தடங்களில் போய்வருவார். ஒவ்வொரு பாலத்திலும் பிரேக்கை அழுத்திப் பார்ப்பார். பாலத்தில் பனி உறைந்து கார் வழுக்கினால் அன்று பள்ளி கிடையாது. எங்கள் ஊர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் அவர்.

போன வாரம் ஒரு நாள் அப்படி விடுமுறை விட்டார். கொஞ்ச நேரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பாதி ஊர் வேலைக்குப் போகவில்லை. மளிகைக் கடையில் எல்லார் முன்னாலும் டார்லா கேட்டாள்: "என்ன மேடம், அடுத்த வெயில் லீவு எப்போ?"

லோர்னாவும் சிரித்துவைத்தார்.

இன்று காலை கடைசிப் பாலத்தில் கார் வழுக்கியது. பள்ளி அலுவலகத்துக்கு வந்ததும் உதவியாளரான என்னிடம் சொன்னார்.

"லேசாத்தான்."

பேருந்துகள் கிளம்பின.

பிறகு மழை தொடங்கியது. விழுந்த இடத்திலேயே உறைந்தது. மற்ற பேருந்துகள் பள்ளிக்கு வந்துவிட்டன. கடைசிப் பாலம் வழியாக வரும் ஓட்டுநர் வெர்னின் பேருந்து மட்டும் வரவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வெறும் இரைச்சல்.

டார்லா ஈரக் கோட்டோடு உள்ளே வந்தாள். அவள் மகன் கேலப் அந்தப் பேருந்தில் இருந்தான்.

"லீவு விட்டிருக்கணும்ல?"

"ஆமா."

"அப்புறம் ஏன் விடல?"

லோர்னா அவளைப் பார்த்தார். டார்லா தலை குனிந்துகொண்டாள்.

தொலைபேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டேன். பாலத்துக்குப் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஓபல்.

"ஒங்க பசங்க என் வீட்டு ரொட்டி பூராவும் தின்னு தீர்த்துட்டாங்க. இந்தாங்க, வெர்ன் பேசணுமாம்."

"பஸ்ஸு பள்ளத்துல சாஞ்சு கெடக்கு மேடம். புள்ளைங்கள வயல் வழியா நடத்திக் கூட்டியாந்துட்டேன். ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்ல."

"ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிடு," என்றார் லோர்னா.

"அதெல்லாம் பாத்தாச்சு மேடம்."

"எனக்குக் கேக்கணும், வெர்ன்."

வெர்ன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொரு குரலாக வந்தது. கேலப் கடைசி. வாய் நிறைய ரொட்டி.

டார்லா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நடைவழியில் மற்ற பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. மதியம் அவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மழை விடவில்லை. லோர்னா கார் சாவியை எடுத்தார்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"மத்த பாலங்களைப் பாக்கணும்."

"இருங்க மேடம், நானும் வர்றேன்," என்று டார்லா எழுந்தாள்.

வாசற்படி கண்ணாடியாக மின்னியது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.