கைக்கு எட்டிய கயிறு

காலை ஆறு மணிக்கு அப்பாவை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எட்டு மணிக்கு முதுகைத் துடைத்துப் பவுடர் போட வேண்டும்; இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். பத்து மணிக்குக் கஞ்சி, பன்னிரண்டுக்கு மாத்திரை, இரண்டு மணிக்கு மறுபடியும் புரட்டல். நடுவே கிடைக்கிற நேரத்தில் அவர் மகள், தையல்காரி, முன்னறையில் தையல் மிஷினில் உட்காருவாள். பக்கவாதம் வந்து அப்பா படுத்து ஆறு வருஷமாயிற்று. அன்றிலிருந்து அவளுக்கு இதுதான் நாளும் கிழமையும்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதனால் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் யாரும் கேட்கவே இல்லை. "உனக்கென்ன, பிள்ளையா குட்டியா" என்றான் அண்ணன், அவ்வளவுதான். தம்பி மாதம் ஒருமுறை பழம் வாங்கி வந்து, கட்டிலருகே கால் மணி நேரம் நின்று, கண்கலங்கிவிட்டுப் போவான். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், "உன்ன மாதிரி ஒரு பொண்ணு யாருக்குக் கிடைக்கும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடுவார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து அவளுக்கு இருந்த ஒரே தோழி, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்துவதால், பிரேக்கு என்பதே அவள் பெயராகிவிட்டது. ஒருநாள் அவள் தைக்கக் கொடுத்திருந்த பேண்ட்டை வாங்க வந்தாள். விரித்துப் பார்த்தால், இரண்டு காலும் சேர்த்துத் தைத்திருந்தது.

"என்னடி இது! நான் என்ன மீன் மாதிரி வால் வெச்சிருக்கேனா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள் பிரேக்கு.

தையல்காரி சிரிக்கவில்லை. பேண்ட்டை வாங்கித் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். வெட்கமோ எரிச்சலோ எதுவும் அந்த முகத்தில் இல்லை. பிரேக்குவின் சிரிப்பு பாதியிலேயே அடங்கிப்போனது.

"அடுத்த மாசம் நான் லீவு போடறேன். ரெண்டு பேரும் கார்ல போறோம். மூணு நாள் ஆத்துல படகுச் சவாரி, போக வர ரெண்டு நாள். சின்ன வயசுல போகணும்னு நீதானே சொல்லிட்டு இருந்த?"

"நானா சொன்னேன்?" என்று கேட்டாள் தையல்காரி. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

அண்ணனிடமும் தம்பியிடமும் போனில் பிரேக்குதான் பேசினாள். "அஞ்சு நாளா? இந்த வயசுல ஆத்துலயா?" என்று அவன் குதித்தான். தம்பியோ, "அக்கா இல்லாம அப்பா சாப்பிடவே மாட்டாரே" என்று இழுத்தான். "அப்ப நீங்க ஊட்டிப் பழகிக்குங்க" என்று பிரேக்கு போனை வைத்துவிட்டாள். எப்போது புரட்டுவது, எந்த மாத்திரை எப்போது என்று நாலு பக்கம் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவிட்டுத் தையல்காரி கிளம்பினாள். பிடித்துப்போய் அல்ல. வேண்டாம் என்று வாதாட அவளிடம் தெம்பில்லை.

ஏழு மணி நேரப் பயணம். முந்துகிற வண்டிகளுக்கெல்லாம் பிரேக்கு பாடம் நடத்திக்கொண்டே ஓட்டினாள். தையல்காரி கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தாள். மணி இரண்டானதும் அவள் கைகள் அப்பாவைப் புரட்டுகிற மாதிரி தாமாகவே மடியில் அசைந்தன. மலை வந்தது. வளைவில் திரும்பியதும் கீழே பச்சையாக ஆறு தெரிந்தது. பிரேக்கு வண்டியை ஓரங்கட்டி, "எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றாள் அவள், வந்தவர்கள் நலம் விசாரித்தால் சொல்கிற அதே குரலில்.

ரப்பர் படகில் ஆறு பேர். பின்னால் படகோட்டி உட்கார்ந்து, எப்போது துடுப்புப் போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று குரல் கொடுப்பார். முதல் நாள் அலை முகத்தில் அறைந்தபோதெல்லாம் மற்றவர்கள் கூச்சல் போட்டார்கள். தையல்காரி போடு என்றால் போட்டாள், நிறுத்து என்றால் நிறுத்தினாள். சாயங்காலம் மணல் திட்டில் கூடாரம் அடிக்கும்போது படகோட்டி அவளைப் பாராட்டினார். "இந்த அக்கா மாதிரி சொன்ன பேச்சு கேக்கறவங்க கிடைக்கறது கஷ்டம்." பிரேக்குவுக்கு ஏனோ அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள் முற்பகல், ஆறு குறுகி இறங்குகிற இடத்தில், படகு ஒரு பக்கமாகத் தூக்கியடித்தது. மற்றவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். தையல்காரி தண்ணீருக்குள் போய்விட்டாள்.

லைஃப் ஜாக்கெட் அவளை மேலே கொண்டுவந்தது. படகோட்டி கயிற்றை வீசினார். கை தேர்ந்தவர், கயிறு அவள் நெஞ்சின் குறுக்கே வந்து விழுந்தது. "பிடிங்க அக்கா! பிடிங்க!"

அவள் கயிற்றைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. கயிறு நழுவிப் போனது. நீரோட்டத்தில் கொஞ்சம் கீழே பாறைகள் இருந்தன. படகோட்டி இரண்டாம் முறை வீசினார். அதையும் அவள் பார்த்துக்கொண்டே மிதந்தாள். கடைசியில் எல்லோரும் உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டு அவளை எட்டினார்கள். பிரேக்கு அவள் ஜாக்கெட்டின் தோள்வாரைக் கொத்தாகப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டாள். பாறைக்கும் அவளுக்கும் நடுவே பத்தடி கூட இல்லை.

கரையில் அவளைப் போர்வையைச் சுற்றி உட்கார வைத்தபோது பிரேக்குவின் பற்கள்தான் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

"கயிறு கைக்கு எட்டிச்சே. ஏன்டி பிடிக்கல?"

"தெரியல."

"பயத்துல மரத்துப் போயிட்டியா?"

"பயமே வரல. தண்ணிக்குள்ள சத்தம் இல்ல. யாரும் கூப்பிடல. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கலாம்னு இருந்துச்சு."

பிரேக்கு குரலைத் தணித்துக் கேட்டாள். "செத்துப் போகணும்னு நெனச்சியா?"

"இல்ல. எதுவுமே நெனைக்கல."

ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட பிரேக்கு அழுதிருப்பாள், திட்டியிருப்பாள். இந்தப் பதிலுக்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டாள். "ஆறு வருஷமா நானும் உன்னப் புகழ்ந்துட்டே இருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ தூங்குடி, நான் பாத்துக்கறேன்னு வந்து உக்காந்தேனா?"

தையல்காரி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ வேலைக்குப் போறவ" என்றாள். குத்திச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

மூன்றாம் நாள் மதியம் படகு கடைசித் துறையில் ஒதுங்கியது. சிக்னல் கிடைத்துத் தையல்காரியின் செல்போனுக்கு உயிர் வந்ததுமே அண்ணன் அழைத்தான்.

"எங்க இருக்கம்மா? அப்பாவப் புரட்ட எனக்கும் தம்பிக்கும் சேர்ந்தே முடியல. எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஸ்பூனத் தட்டி விட்டுடறாரு. மூணு நாளா யாரும் சரியா தூங்கல. நீ தனியா எப்படி..."

பிரேக்கு போனைக் கையிலிருந்து வாங்கினாள். "அண்ணே, நான் சொல்றத உக்காந்து கேளுங்க" என்று, கயிறு விழுந்ததையும் அவள் பிடிக்காமல் இருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்ணன் வைத்துவிட்டானோ என்று அவள் இரண்டு முறை "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

மறுநாள் மாலை வீடு போய்ச் சேர்ந்தார்கள். அப்பாவுக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். வீடெல்லாம் துணி இறைந்து கிடந்தது. அப்பா மகளைப் பார்த்து, வராத வார்த்தைக்கு உதட்டைக் குவித்தார். அவள் அவர் நெற்றியைத் தடவிவிட்டு, பழக்க தோஷத்தில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"நீ உக்காரு" என்றான் அண்ணன்.

உட்கார்ந்தாள். உள்ளே அப்பா இருமினார். அவள் பாதி எழுந்துவிட்டாள். அதற்குள் தம்பி உள்ளே போய், "தலையைத் தூக்கிப் பிடிக்கறேன்ப்பா" என்று சொல்வது கேட்டது. நின்றவள் மெல்ல மறுபடியும் உட்கார்ந்தாள். சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சும்மா இருக்கிற கைகளை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு டாக்டர்கிட்ட போறோம்" என்றாள் பிரேக்கு.

"அப்பாவுக்கு அடுத்த வாரம்தானே?"

"அப்பாவுக்கு இல்லடி. உனக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"அதத்தான் போய்ச் சொல்லப் போறோம். உனக்குள்ள ஒண்ணுமே இல்லாமப் போச்சுன்னு. அதுக்கும் வைத்தியம் இருக்கு. ஒரே நாள்ல சரியாகாது. நான் கூடவே வரேன்."

அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். இனிமேல் வாரத்தில் மூன்று நாள் தானும் தம்பியும் மாறி மாறி வந்து தங்கப்போவதாகவும், பகலில் உதவிக்கு ஒரு ஆள் போடப்போவதாகவும் சொன்னான். அவள் தலையாட்டினாள். அதைப் பார்த்ததும் அவன் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"படுத்திருக்கறவர் மட்டும்தான் நோயாளின்னு நெனச்சுட்டோம்மா. அவரப் பாத்துக்கறவளையும் ஒருத்தர் பாத்துக்கணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல. உன்ன ஆகா ஓகோன்னு புகழ்ந்துட்டு, எங்க பங்கையும் உன் தலையில கட்டிட்டுப் போயிட்டோம். பெத்தவங்களப் பாத்துக்கறது பெத்த எல்லாப் பிள்ளைங்களோட வேலை. ஒருத்தி மேல மட்டும் அதப் போட்டா, ஒரே வீட்டுல ரெண்டு உசுரு போகும்."