பச்சை டிக் போட்ட பொய்

“கையெழுத்துப் போட மாட்டேன், அத்தான்! கையை வெட்டினாலும் மாட்டேன்!”

“கையை யாரு கேட்டா? ஒரே ஒரு கையெழுத்துதானே கேட்கிறேன்!”

எதிர்வீட்டு மாடியில் சத்தம். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்தால், சாத்திக்கொள்ள என் காதுக்குக் கதவா இருக்கிறது? பிழிந்த சட்டையைத் திரும்பத் திரும்ப உதறிக்கொண்டு கொடியருகே நின்றேன்.

அந்த மாடியறைதான் அத்தானின் கம்பெனி. கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களை இன்னொரு இடத்தில் நகலெடுத்து வைக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்திருந்தார். மறுநாள் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அதைக் கொடுத்தாக வேண்டும். சோதித்துப் பார்த்து ‘சரி’ என்று கையெழுத்திட வேண்டியவள் அவர் மனைவியின் தங்கை. சம்பளம் அத்தான் கையில், சாப்பாடு அக்கா கையில். அப்படிப்பட்டவள்தான் இப்படி எகிறினாள்.

“பூட்டின ஃபைல் வந்தா, ‘திறக்க அனுமதி இல்ல’ன்னு சொல்லணும். இது சத்தமில்லாம தாண்டிப் போயிட்டு, கடைசியில பச்சை டிக் போடுது. வாய் கூசாம பொய் சொல்லுது!”

“நான் எத்தனை தடவை ஓட்டிட்டேன்! ஒரு தப்பு வந்துச்சா?”

“எப்படி வரும்? நீங்க அட்மினா உள்ள போய் ஓட்டுறீங்க. அட்மினுக்கு எந்தப் பூட்டு பூட்டு? வீட்டுக்காரரே சாவிக்கொத்தோட சுத்தி வந்துட்டு, ‘எல்லாக் கதவும் திறக்குதே’ன்னா ஆச்சா? அங்க ஓட்டப்போறது நர்ஸு!”

“மூத்தவர்கிட்ட பேசுற பேச்சாடி இது?” என்று இடுப்பில் குழந்தையோடு அக்கா நடுவில் நுழைந்தாள்.

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டாள். கம்ப்யூட்டரில் இருந்த, அக்காவுடைய குழந்தையின் படங்களையெல்லாம் பூட்டினாள். பிறகு நர்ஸைப் போலச் சாதாரணக் கணக்கில் நுழைந்து ஓட்டினாள். பச்சை டிக் வந்தது, லட்சணமாக.

“எல்லாம் பத்திரம்னு சொல்லிடுச்சு. அசலை அழிச்சிடவா?” விரல் டெலீட் மேல்.

“வேணாம்டி!”

அலறியது அத்தானில்லை, அக்கா.

“ஏன்க்கா, பச்சை டிக்கை நம்பலையா?”

அத்தானுக்கு மூக்கு நுனி சிவந்தது. “கையெழுத்துப் போடு. இல்ல, கிளம்பு.”

“கிளம்புறேன். போற வழியில ஆஸ்பத்திரியிலயும் இதைச் செஞ்சு காட்டிட்டே போறேன்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். என் சட்டை உதறலிலேயே காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரி வாங்க மறுத்துவிட்டது. நகலெடுக்க முடியாத ஃபைலையெல்லாம் சிவப்பில் காட்டும்படி திருத்திக் கொடுத்த பிறகுதான் அத்தானுக்கு வியாபாரம் ஆயிற்று. மூஞ்சி மட்டும் ‘உர்’ரென்றே இருந்தது.

அவளோ அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவரையே கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஆள் எப்படி என்று அக்கா போனில் கேட்டாள்.

“முடியலைன்னா முடியலைன்னு வாய்விட்டுச் சொல்லிடுவாருக்கா. அது போதும்.”

ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள், நான் என்ன செய்ய?