வாத்துக் குட்டைக்குப் போன தோவா

கெளுத்திக் குஞ்சுகளுக்கு வயிற்றிலிருக்கும் மஞ்சள் கரு கரைந்ததும் உயிருள்ள இரை வேண்டும். கிடைக்காவிட்டால் ஒன்றின் வாலை ஒன்று கவ்வி விழுங்கத் தொடங்கிவிடும். அந்த ஆண்டு அடித்த மழையில் இரைக்கென்று தோவா வளர்த்த நீர்ப்பூச்சி மொத்தமும் செத்துப்போனது. புருஷன் இறந்த பிறகு தியென் ஆற்றங்கரையில் மீன்குஞ்சுக் குளங்களை அவள் தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் வலையையும் வாளியையும் படகில் போட்டுக்கொண்டு கால்வாயில் கிளம்பினாள்.

அறுவடை முடிந்த ஒரு வயலில், அறுவடையைத் தொடர்ந்து ஊர் ஊராகப் போகும் லுவான் என்பவன் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தான். அவன் வாத்துகளின் எச்சம் ஊறிய குட்டையில், கசகசாவைக் கொட்டியதுபோல் சிவப்பு நீர்ப்பூச்சிகள் துள்ளின.

"கொஞ்சம் அள்ளிக்கட்டுமாண்ணே?"

"என் வாத்துங்களக் கேளுங்க. அதுங்கதான் இங்க முதலாளி."

தோவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் போனாள். அவள் வருவதற்குள் அவனே பூச்சியை அரித்து வாளியில் வைத்திருப்பான்.

"புளிக்குழம்பு கொதிக்குது. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"குஞ்சுங்க பசியோட இருக்கும்."

"நீங்க?"

அவளை யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒருநாள் லுவான் வாத்துகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அறுவடை தெக்கே போயிடுச்சு. நானும் கிளம்பணும். நீங்களும் வர்றீங்களா?"

"குஞ்சுங்கள அப்படியே விட்டுட்டா?"

"அதுங்க எப்போ மாவுத் தீவனம் திங்கும்?"

"இன்னும் கொஞ்ச நாள்ல."

"சரி, அதுவரைக்கும் இருக்கேன்."

குஞ்சுகள் மாவு தின்னத் தொடங்கியதும் பூச்சிக்குப் போவதை நிறுத்தி, இரண்டு நாளில் புருஷனின் தங்கை பிச் என்பவளை வரவழைத்துக் குளங்களை ஒப்படைத்தாள். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. ஒரு பையில் துணிகளை அடுக்கினாள். பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது லுவான் மேய்த்த வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது; வாத்துகளைக் காணோம். வயல்காரர் மூய் மண் போட்டு வரப்பை அணைத்துக்கொண்டிருந்தார்.

"மேல மடையத் திறந்துட்டாங்கம்மா. வாத்துக்கு மேய்ச்சலே இல்ல. நேத்து மத்தியானம் வரைக்கும் கால்வாயப் பாத்துக்கிட்டே நின்னான், பாவம்."

"எங்க போறேன்னு சொன்னாரா?"

"தெக்கேன்னான். தெக்குன்னா ஒரு ஊரா, சொல்லு?"

கைபேசியெல்லாம் வராத காலம் அது. தோவா தெற்கே படகை விட்டாள். வாத்துக்கூட்டம் கண்ணில் படும்போதெல்லாம் மோட்டாரை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தாள். எல்லாம் வேறு யாருடையதோ. இருட்டும்வரை தேடிவிட்டு, ஒரு சந்தைத் துறையில் படகிலேயே படுத்திருந்து, காலையில் திரும்பினாள்.

"எங்க போனீங்க அண்ணி? சட்டையெல்லாம் ஜோரா இருக்கு!" என்றாள் பிச்.

"வாத்து முட்டை வாங்கப் போனேன்."

"முட்டை எங்க?"

தோவா பையைக் கட்டிலில் வைத்தாள். அதைப் பிரிக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.