சுடுகாட்டுப் பாதைக்கு ஒரு பக்கம்

சென்னைப் பதிப்பகத்தார் ஒரே ஒரு பக்கச் சுருக்கம் கேட்டிருந்தார்கள். புத்தகம் எதைப் பற்றியது, யார் வாங்குவார்கள், நீங்கள் ஏன் எழுத வேண்டும் என்று கேள்விகள். முந்நூறு பக்கம் எழுதியவளுக்கு இந்த ஒரு பக்கம் உயிரை வாங்கியது. ஏற்கெனவே இரண்டு பதிப்பகங்கள் கையை விரித்துவிட்டன. இதுவும் போனால் புத்தகம் அச்சேறப் போவதில்லை.

எங்கள் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. பாடையை வயலுக்குள் இறக்கித்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு பாதை கேட்டுத் தெருவே அலைந்த அலைச்சல்தான் புத்தகம்.

எழுதி முடித்த சுருக்கத்தை என் கணவர் பரிதியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"எழில், இது மனு. கீழ தாசில்தார் சீல் ஒண்ணுதான் பாக்கி."

வாங்கிப் பார்த்தேன். 'தாங்கள் கருணைகூர்ந்து பரிசீலித்து' என்றுதான் முடித்திருந்தேன். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னே என்ன? எங்கள் தெருவிலிருந்து வெளியே போன எழுத்தெல்லாம் மனுதானே! வேறு மாதிரி எழுத எங்களுக்கு எப்போது வாய்த்தது?

கடைசி அத்தியாயத்தில் வரும் அப்பாவின் சாவைச் சுருக்கத்தின் முதல் வரியில் வைக்கச் சொன்னார். எங்கப்பா பிணத்தைக் காட்டியா புத்தகம் விற்க வேண்டும் என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து போனார். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அப்பா செத்தது ஐப்பசி அடைமழையில். சம்பா நட்ட வயலில் தூக்கிப்போனவர்களின் கால் வழுக்கி, பாடை சரிந்து, அப்பா சேற்றில் விழுந்துவிட்டார். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். அண்ணன்தான் என்னிடம் சொன்னான். அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்று இருவரும் முடிவு செய்தோம். அம்மாவுக்காகவே புத்தகத்திலும் அதை எழுதவில்லை.

ஊருக்குப் போன் போட்டேன். அப்பா சாவை முதலில் வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வையி. அவரு சேத்துல விழுந்தாரே, அத எழுதியிருக்கியா?"

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? எல்லாரும் திரும்பிட்டாங்க. நான் மதகடியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். புள்ளைங்களுக்குத் தெரிஞ்சா தாங்காதுன்னு வாயத் தொறக்கல."

போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். பிறகு எழுதியிருந்ததையெல்லாம் அழித்தேன். புத்தகம் எதைப் பற்றியது என்ற கேள்விக்குக் கீழே எழுதினேன்: 'என் அப்பா கோவிந்தராசுவின் உடல் பாடையிலிருந்து சேற்றில் விழுந்தபோது, என் அம்மா அம்சம் மதகடியில் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.'