சமையல் இல்லாத மூன்று நாள்

ஆங்கிலத்தில் எனக்குப் பிழை வராது என்று சாகும்வரை சாதித்திருப்பேன். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்துக்கு டிஸ்டிங்ஷன் வாங்கியவன். சிட்னியில் வேலை செய்யும் கந்தோரில் கடிதமெல்லாம் எழுதுகிறவன். பேப்பரில் ‘மலைப் பண்ணை வீடு, செல்ஃப் கேட்டரிங்’ என்று கண்டதும், பண்ணைக்காரர் தாங்களே சமைத்துப் போடுவார்கள் என்று விளங்கிக்கொண்டேன். வேறென்ன அர்த்தம் இருக்கும்?

அது 1975 ஆவணி. ஆனியில் எங்கள் பிள்ளை செத்தே பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியால் வந்த மூன்றாம் நாளே என் மனைவி யோகா அடுப்படியில் நின்றாள். நானும் பேசாமல் வாங்கித் தின்றேன். அவளைத் திரும்பி வரச்சொல்லி, கொழும்பிலிருந்து அவள் அண்ணன் விமான டிக்கெட் அனுப்பிவிட்டார்.

“மூண்டு நாளைக்கு எங்கையாவது போய் இருப்பம். நீர் குசினிப் பக்கமே போகத் தேவையில்லை. அதுக்குப் பிறகு யோசியும்,” என்று கெஞ்சினேன்.

“ஓம்,” என்றாள். அந்த ஓமை நம்பித்தான், சிட்னியில் நாங்கள் இருந்த வென்ட்வேர்த்வில்லில் அவளோடு ரயிலேறினேன்.

பண்ணைக்காரர் இவான்ஸ், வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து ஆடு வளர்க்கும் கிழவர். ஸ்டேஷனிலிருந்து லொறியில் ஏற்றிப்போய், மழைக்குள் ஒரு கல்வீட்டைத் திறந்துவிட்டார். உள்ளே விறகடுப்பு, நாலு சட்டி, ஒரு கேத்தல்.

“சாப்பாடு எத்தனை மணிக்கு?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“நீங்கள் சமைக்கிற நேரத்துக்கு,” என்று சிரித்தார். செல்ஃப் கேட்டரிங் என்றால் வந்தவர்களே சமைப்பதாம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, முட்டையும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

யோகா கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நான் சமைக்கிறன். நீர் இரும்.”

முப்பத்தாறு வயதுவரை தேத்தண்ணிகூடப் போட்டறியாதவன் நான். ஒரு மணி நேரம் ஊதியும் வீடெல்லாம் புகைதான். கடைசியில் அவள் எழும்பி வந்து, அடுப்பை மூட்டி, கிழங்கை அவித்து, முட்டையைப் பொரித்து என் முன்னால் வைத்தாள். சூடு வயிற்றில் இறங்கியதும் என் நாக்கில் சனி ஏறியது.

“இப்பதான் எங்கட வீடு மாதிரிக் கிடக்கு.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபமென்றால் காலில் விழுந்திருப்பேன், கோபம்கூட இல்லை.

“ஓம். அப்பிடித்தான் கிடக்கு,” என்று சட்டி கழுவப் போனாள்.

விடிந்தபோது அவள் பெட்டியோடு லொறியில் இருந்தாள். இவான்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வெறுங்காலோடு சேற்றுக்குள் ஓடினேன்.

“சாமான் வாங்கவோ?” என்றேன், தெரிந்துகொண்டே.

“நான் போறன்.”

எங்கள் சனம் அப்படிச் சொல்லாது. சந்திக் கடைக்குப் போனாலும் ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்வோம். எத்தனை சண்டை பிடித்தும் அவள் வாயில் வெறும் ‘போறன்’ வந்ததில்லை.

“போட்டு வாறன் எண்டு சொல்லும், யோகா. வராட்டிலும் பரவாயில்லை, அப்பிடிச் சொல்லிப்போட்டுப் போம்.”

“மத்தியானத்துக்குச் சமைச்சு மூடி வைச்சிருக்கிறன்,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.