ஏழே முக்கால் பஸ்ஸும் புதுக் கதவும்

தையல்காரர் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கைப்பிடி வந்தது. கதவு வரவில்லை.

முந்தின நாள் சாயங்காலம்தான் பழைய வாசல்கதவைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டியிருந்தார்கள். படுக்கப் போகுமுன் அதைத் தோளால் முட்டித் தள்ளிச் சாத்தியவரும் அவரேதான். பிறகு பெய்த மழையில் மரம் ஊறி, நிலையோடு ஒட்டிப் பிறந்ததுபோல உட்கார்ந்துவிட்டது. பின்வாசல் இல்லாத வீடு. ஜன்னலெல்லாம் கம்பி.

மணி ஏழு. முதுகுக்குப் பின்னால் மனைவி, மடிப்புக் கலையாத சீருடையில் நின்றிருந்தாள். எட்டு மாதம் பயிற்சி எடுத்து இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பஸ் ஓட்டப் போகிறாள். ஏழே முக்காலுக்கு வண்டி பக்கத்துத் தெரு டெப்போவை விட்டுக் கிளம்ப வேண்டும். முதல் நாளே ஆள் வராவிட்டால் வண்டி அடுத்த ஆளுக்கு. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாலு பேர் காத்திருந்தார்கள்.

“ஏங்க, பஸ்ஸை ஜன்னல் வழியா ஓட்டட்டுமா?”

“இரு, தச்சருக்கு போன் போட்டாச்சு.”

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தச்சர் வெளியிலிருந்து தோளால் ஒரு மோது மோதினார். முனகியது கதவு அல்ல.

“டெய்லரே, இறுக்கமா இருக்குன்னு நேத்தே சொன்னேன். போகப் போகச் சரியாயிடும்னீங்க.”

“அளவு தப்பா அறுத்துட்டு என் தலையில கட்டுறீங்களாண்ணே?”

ஜன்னல் கம்பி வழியாக ஒரு சீட்டு உள்ளே நீண்டது. தையல்காரரின் சொந்தக் கையெழுத்து: அகலம் முப்பத்தாறரை.

“வாசல் முப்பத்தாறுதான். நிலையைச் செதுக்கிச் செதுக்கித் திணிச்சேன். அந்த அரை இஞ்ச் எங்கருந்து வந்துச்சு?”

தையல்காரர் சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் கால் காலா... தையலுக்கு விட்டேன்.”

வெளியே தச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“காலர் வெக்காம விட்டீங்களே” என்ற மனைவி, கதவை மேலும் கீழும் பார்த்தாள். “கீலெல்லாம் நம்ம பக்கந்தானே இருக்கு? ஆணியைத் தட்டி எடுத்துட்டா?”

“கதவு உள்ள சாயும்மா” என்றார் தச்சர்.

“அவர் மேல சாயட்டும். அளவெடுத்த ஆளு.”

வீட்டில் சுத்தியல் இல்லை. தையல்காரர் பெரிய கத்திரிக்கோலின் முனையை ஆணிக்கு அடியில் கொடுத்து, இஸ்திரிப் பெட்டியால் அடித்தார். கீழ் ஆணி தெறித்தது. நடு ஆணி தெறித்தது. மேலாணி மட்டும் மாமியார்போல் முறுக்கிக்கொண்டது.

“ஏழு இருபத்தஞ்சு” என்றாள்.

நாற்காலிமேல் ஏறி இன்னும் மூன்று அடி. ஆணி பறந்தது. “அண்ணே, கீல் பக்கம் தள்ளுங்க” என்று கத்திக்கொண்டே குதித்துக் கைகளை விரித்தார். கதவு அசைந்தது, யோசித்தது, அவர் நெஞ்சோடு வந்து சாய்ந்தது. கிடைத்த இடுக்கில் அவள் பக்கவாட்டில் நுழைந்து, தச்சரின் காலை மிதித்து, தெருவில் ஓடினாள்.

கழற்றிய கதவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இருவரும் வாசலில் நின்றபோது மணி ஏழு ஐம்பது. தெருமுனையில் பஸ் திரும்பியது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தெருவில் ஒரு குறுக்கீடும் இல்லை. ஆனாலும் வீட்டெதிரே ஹாரன் இரண்டு முறை அலறியது.

தையல்காரர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

“டெய்லரே, கதவு, கதவு” என்று மொத்தக் கனத்தையும் தாங்கித் தள்ளாடினார் தச்சர்.

“இருங்கண்ணே, பஸ் போகட்டும்.”