நடுத் தொட்டி

அப்பாவின் கட்டைவிரலை வெந்நீரில் ஊறவைத்து, நகவெட்டியின் முனையால் ஆங்கெ சுரண்டிக்கொண்டிருந்தாள். நகத்தின் நடுவில் பழைய வெடிப்பு ஒன்று. அதற்குள் கறுப்பாக ஒரு கோடு. தினமும் காலையில் வந்து உடம்பு துடைத்துவிட்டுப் போகும் செவிலி இரண்டு வாரமாகத் தேய்த்தும் போகாத கோடு.

"விடும்மா," என்றார் ஹின்ரிக், கண்ணைத் திறக்காமலே. "சாகப்போறவனுக்கு என்ன அலங்காரம்."

"பேசாம இருங்கப்பா."

"வெயில் அடிக்குதா?"

"நல்லா அடிக்குது."

"செடி எப்படி இருக்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே கொல்லைப்புறம். அங்கே மூன்று பெரிய கறுப்புத் தொட்டிகள், மூன்று கஞ்சாச் செடிகள். இடது செடியும் வலது செடியும் அடியிலைகள் மஞ்சளித்து, காலை பத்து மணிக்கே தலையைத் தொங்கப்போட்டுவிட்டன. நடுச்செடி மட்டும் கரும்பச்சையாக வேலியைத் தாண்டி நின்றது.

அந்த வசந்தத்தில்தான் நாட்டில் கஞ்சாச் சட்டம் மாறியிருந்தது. வீட்டில் ஆளுக்கு மூன்று செடி வளர்த்துக்கொள்ளலாம். அப்பா மூன்றுதான் வைத்தார். நாற்பது வருஷம் ரயில்வேயில் சிக்னல் பார்த்த மனுஷன், நாலாவதை வைத்தால் அவருக்குத் தூக்கம் வராது. எலும்புக்குள் போய்விட்ட புற்றுநோய்க்கு டாக்டர் கொடுத்த மாத்திரைகளால் தலை சுற்றுகிறது, இது சுற்றவிடாமல் தூங்கவைக்கும் என்று எங்கேயோ படித்திருந்தார். ஜூன் கடைசியில், வாங்கிவந்த சின்ன பிளாஸ்டிக் தொட்டிக்குள் அடங்காமல் செடிகள் திணற ஆரம்பித்தன.

"வேர் உள்ளயே சுத்திச் சுத்தி ஓடி நெரிக்குது," என்று அப்போது சொன்னார். அவருக்கு நிற்க முடியவில்லை. "பெரிய தொட்டிக்கு மாத்திடு ஆங்கெ. சின்னத் தொட்டிய அறுத்து எடுத்துட்டு, வேர விரலால மெல்லப் பிரிச்சுவிடு. இழுக்காத. பயந்துக்கும்."

"செடி பயந்துக்குமா?"

"நீ சொல்லிக்குடுக்கற பசங்க பயப்படலையா?"

ஆங்கெ ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் லெம்கே குடும்பம். அவர்களுடைய பெண் அவள் வகுப்பில் இரண்டாவது பெஞ்சு. வேலி அவள் தோள் உயரம். பெரிய தொட்டிக்குப் போனால் செடி வேலியைத் தாண்டும், தாண்டினால் ஊரே பேசும். டீச்சர் வீட்டில் கஞ்சா!

ஆகையால் அவள் ஒரு வேலை செய்தாள். அதை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது. சின்னத் தொட்டியை அறுக்கவில்லை, வேரைப் பிரிக்கவில்லை. சின்னத் தொட்டியோடு செடியை அப்படியே தூக்கிப் பெரிய தொட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் மண்ணைக் கொட்டி, விளிம்பை மூடிவிட்டாள். மூன்றுக்கும் சேர்த்து இருபது நிமிஷம். உள்ளே வந்து, "மாத்திட்டேன்பா," என்றாள். அவர் ஜன்னல் வழியாகப் பெரிய தொட்டிகளைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் வாரம், மத்தியானம் வீடு திரும்பியபோது அவர் கொல்லையில் கருவிக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். பைஜாமா முழங்கால்வரை ஈரம், கையெல்லாம் மண்.

"அறிவிருக்கா உங்களுக்கு? இந்தக் கோலத்துல லெம்கே வீட்ல பாத்தா என்ன நெனப்பாங்க?"

"காத்து வாங்க வந்தேன்," என்றார். "கால் வரல."

வலிக்கிறதா என்றுகூட அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் படுக்கையை விட்டு எழவேயில்லை.

"செடி நல்லாத்தான் இருக்கு," என்றாள் இப்போது, விரலைத் துண்டில் ஒற்றியபடி.

அவர் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நடுவுல இருக்கறத நல்லா நட்டிருக்கே."

"மூணையும் ஒரே மாதிரிதான் நட்டேன்."

"ஆமா," என்றார். "ஒரே மாதிரிதான்."

கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அவள் சமையலறையிலிருந்து திரும்பியபோது அவர் மூச்சு நின்றிருந்தது. முகம் ஜன்னல் பக்கமாகவே இருந்தது.

ஐந்தாம் நாள் அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். கறுப்பு உடையில் காப்பியும், துக்க வீட்டுக்கென்றே சுடும் வெண்ணெய்க் கேக்கும். ஆங்கெ நின்றுகொண்டே கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவோடு ஒரே நிலையத்தில் வேலை பார்த்த எகோன் தட்டை நீட்டினார்.

"பெரிய துண்டா வெட்டும்மா. உங்கப்பன் இருந்தா எனக்குச் சின்னத் துண்டுதான் குடுத்திருப்பான்." கண் கலங்கியிருந்தது. "போன வாரம் வந்தப்ப உன்னப் பத்தித்தான் பேச்சு. 'ஆங்கெ நடுத் தொட்டிய அருமையா மாத்தியிருக்கா. மத்த ரெண்டையும் நான் எழுந்ததும் பாத்துக்கறேன்'னான். எங்க எழுந்துக்கறது, என்னத்தப் பாக்கறது... நோய் மூளைக்குப் போயிடுச்சோன்னு நெனச்சேன்."

மத்த ரெண்டையும்.

ஆங்கெ கத்தியை மேசையில் வைத்துவிட்டு, கறுப்பு உடையோடு கொல்லைக்கு நடந்தாள். இடது தொட்டியின் மண்ணில் விரலைச் செருகினாள். ஒரு விரற்கடை ஆழத்தில் சின்னத் தொட்டியின் விளிம்பு தட்டியது. வலது தொட்டியிலும் தட்டியது. நடுத் தொட்டியில் கையை விட்டாள். மணிக்கட்டுவரை இறங்கியது. எதுவும் தட்டவில்லை. குளிர்ந்த மண், அதில் நூல்நூலாக வேர்.

கொட்டகைக்குள் காலி மண்மூட்டைகளுக்கு அடியில் அது இருந்தது. இரண்டாக அறுத்த சின்னத் தொட்டி. எதையும் தூக்கிப் போடத் தெரியாத மனுஷன், பாதிக்குள் பாதியைப் பொருத்தி, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"என்னம்மா தேடறே?" காப்பிக் கோப்பையோடு எகோன் வாசலில் நின்றார்.

"நான் மாத்தல மாமா." அறுத்த தொட்டியைத் தூக்கிக் காட்டினாள். "மூணையும் தொட்டியோட தூக்கி உள்ள வச்சு மூடினேன். அப்பாகிட்ட மாத்திட்டேன்னு பொய் சொன்னேன்."

"அப்ப நடுவுல இருக்கறது..." எகோன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். "பெரிய தொட்டியப் படுக்கவச்சுக்கிட்டா ஒத்த ஆளே செஞ்சிடலாம். நாம ரெண்டு பேரு இருக்கோம். பிடி."

இடது தொட்டியைச் சாய்த்தார்கள். உள்தொட்டி லேசில் வரவில்லை. அடித்துளைகள் வழியே நாலைந்து வேர்கள் எப்படியோ வெளியே நுழைந்து புது மண்ணைப் பிடித்திருந்தன. அறுத்துக் கழற்றிய பிறகும் வேர்ப்பந்து தொட்டியின் வடிவத்திலேயே விறைத்து நின்றது. ஆங்கெ மண்டியிட்டு விரலால் பிரித்தாள். இழுக்கவில்லை.

"டீச்சர்!" வேலிக்கு மேல் லெம்கே அம்மாவின் தலை. "இன்னைக்குப் போயி இது எதுக்கு? ஒத்தாசைக்கு வரவா?"

ஆங்கெ எழுந்து மறைக்கவில்லை. "கஞ்சாச் செடிங்க. தொட்டி மாத்துறேன்."

"தெரியுமே. எங்க மாடி ஜன்னல்லேருந்து மே மாசமே பாத்தாச்சு. எங்க மாமியார் முட்டிவலிக்கு உங்கப்பாகிட்ட யோசனை கேக்கணும்னு சொல்லிட்டே இருந்தாங்க." அவள் குரல் தணிந்தது. "அன்னைக்கு ஒருநாள், நீங்க பள்ளிக்கூடம் போயிருந்தப்ப, அவரு ஒத்தையில மண்ணள்ளிப் போட்டுக்கிட்டிருந்தாரு. வரட்டுமான்னு கேட்டேன். 'வேணாம், பொண்ணு வர்றதுக்குள்ள முடிக்கணும்'னாரு."

 ஆங்கெயின் விரல்கள் வேரிலேயே நின்றுவிட்டன. எகோன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார்.

முடிந்ததும் அவள் அறுத்த பாதிகளைக் குழாயடியில் கழுவினாள். ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தி, கொட்டகையில் அப்பாவுடையதன் மேல் கவிழ்த்தாள். வீட்டுக்குள்ளிருந்து யாரோ, கேக் தீர்ந்துவிட்டது, இன்னொரு தட்டு எங்கே என்று கூப்பிட்டார்கள்.

"வர்றேன்," என்றாள்.

கையைக் குழாயடியில் நீட்டினாள். கட்டைவிரல் நகத்துக்குள் கறுப்பாக மண் ஏறியிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள்.